நிரல் எழுதாமல் ஒரு மாங்காய் ஆட்டம்: ஜிடெவலப்பில் முதல் முயற்சி

மேலிருந்து மாங்காய்கள் விழும். கீழே ஒரு கூடை. அதை இடமும் வலமும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் ஓர் உயிர் போகும். மூன்று உயிரும் போனால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். இன்று நாம் செய்யப்போகும் விளையாட்டு இவ்வளவுதான். அரசன், படை, கோட்டை என்று பெரிய கனவோடு வந்தவர்கள் அதைக் கொஞ்ச நாள் பரணில் போட்டுவையுங்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கோட்டையின் வாசற்கதவை வரைந்ததோடு அந்த விளையாட்டு நின்றுபோனது.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட மென்பொருள் ஜிடெவலப். ஃப்ளோரியன் ரிவால் என்பவர் தொடங்கியது. அதன் மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. பணம் கட்டாமலே பழகலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் நிறுவிக்கொள்ளலாம். நிறுவ விருப்பமில்லை என்றால் உலாவியிலேயே திறந்து வேலை செய்யலாம். பொத்தான்களின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். பதிப்புக்குப் பதிப்பு அவை கொஞ்சம் இடம் மாறும். பெயரைப் பார்த்துத் தேடினால் அகப்பட்டுவிடும்.

1. மேடையும் நடிகர்களும்

புதிய வெற்றுத் திட்டம் ஒன்றைத் திறங்கள். நடுவில் தெரிவது விளையாட்டுத் திரை. அதன் அளவு 1280-க்கு 720 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கத்தில் 'ஆப்ஜெக்ட்ஸ்' பட்டியல் இருக்கும். அங்கே 'ஆட் எ நியூ ஆப்ஜெக்ட்' என்பதை அழுத்தி, 'ஸ்பிரைட்' (படமாகத் தெரியும் பொருள்) வகையில் இரண்டைச் சேருங்கள்: ஒன்று கூடை, மற்றொன்று மாங்காய். பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வைத்தால் பின்னால் தொல்லை இல்லை.

படத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். பிஸ்கெல் என்ற ஓவியப் பலகை உள்ளேயே இருக்கிறது. பலகையின் அளவை 100-க்கு 100 என்று மாற்றிவிட்டு வரையுங்கள். என் மாங்காயைப் பார்த்தவர்கள் சிறுநீரகமா என்று கேட்டார்கள். ஆட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

கூடையை மட்டும் இழுத்துத் திரையின் அடிப்பகுதியில் விடுங்கள். மாங்காயை வைக்க வேண்டாம். அது ஆட்டம் ஓடும்போது தானாகத் தோன்றும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பள்ளிக் கணக்கில் மேலே போகப்போக ஒய் கூடும். இங்கே தலைகீழ்: இடது மேல் மூலைதான் பூஜ்யம், கீழே இறங்க இறங்க ஒய் கூடும்.

2. கூடையை நகர்த்துதல்

இனி 'ஈவென்ட்ஸ்' தாவலுக்கு வாருங்கள். மொத்த வேலையும் இங்கேதான். ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு பாதி உண்டு: இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல். 'மழை பெய்தால் குடை விரி' என்பதைப் போல.

முதல் நிகழ்வின் நிபந்தனை: விசைப்பலகையில் வலது அம்புக்குறி அழுத்தப்பட்டிருக்கிறது. செயல்: கூடைக்கு 'ஆட் எ ஃபோர்ஸ்', எக்ஸ் திசையில் 400, ஒய் திசையில் 0. இடது அம்புக்குறிக்கு இதே நிகழ்வை நகலெடுத்து, 400-ஐ மைனஸ் 400 ஆக்குங்கள்.

அந்தச் செயலில் 'இன்ஸ்டன்ட்', 'பெர்மனென்ட்' என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். முதலாவதையே வையுங்கள். நான் இரண்டாவதைத் தேர்ந்துவிட்டு, அம்புக்குறியிலிருந்து கையை எடுத்த பிறகும் கூடை ஓடிக்கொண்டே திரைக்கு வெளியே போனதைப் பார்த்து, கணினிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

'பிரிவியூ' பொத்தானை அழுத்தி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு நிகழ்வு சேர்த்ததும் இப்படிப் பார்த்துவிடுவது நல்லது. பத்து நிகழ்வு சேர்த்த பிறகு பார்த்தால் பிழை எதில் என்று தெரியாது.

3. மாங்காய் மழை

'அட் தி பிகினிங் ஆஃப் தி சீன்' (காட்சி தொடங்கும்போது) என்ற நிபந்தனையின் கீழ், காட்சிக்கான ஒரு கடிகாரத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். அதன் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். அடுத்த நிகழ்வு: கடிகாரம் 1 நொடியைத் தாண்டினால், 'கிரியேட் அன் ஆப்ஜெக்ட்' மூலம் ஒரு மாங்காயை உருவாக்கு, கடிகாரத்தை மறுபடி பூஜ்யத்தில் தொடங்கு. இந்த இரண்டாவது செயலை மறந்தால் ஒரு நொடிக்குப் பிறகு மாங்காய் கொட்டோ கொட்டென்று கொட்டும்.

உருவாகும் இடத்துக்கு, ஒய் மைனஸ் 100. அதாவது திரைக்குச் சற்று மேலே. எக்ஸ் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். கட்டத்தின் ஓரத்தில் சிக்மா குறியோடு 123 என்றிருக்கும் பொத்தானை அழுத்தி, 'ரேண்டம் இன்டிஜர் இன் ரேஞ்ச்' என்பதைத் தேர்ந்து, 0 முதல் 1180 வரை என்று கொடுங்கள். 1280 ஏன் இல்லை? படத்தின் இடது ஓரத்தை வைத்துத்தான் இடம் கணக்கிடப்படுகிறது. மாங்காயின் அகலம் 100.

விழுவதற்கு: நிபந்தனையே இல்லாத ஒரு நிகழ்வு. செயலில் மாங்காய்க்கு 'ஆட் எ ஃபோர்ஸ்', எக்ஸ் திசையில் 0, ஒய் திசையில் 250. நிபந்தனை இல்லாத நிகழ்வு எப்போதும், பெரும்பாலான திரைகளில் நொடிக்கு 60 முறை, நடந்துகொண்டே இருக்கும்.

4. பிடித்தலும் தவறவிடுதலும்

மாறி என்பது ஆட்டத்தின்போது மாறும் ஓர் எண்ணைப் பெயரிட்டு வைத்துக்கொள்ளும் இடம். காட்சியின் மாறிகள் பட்டியலில் இரண்டைச் சேருங்கள்: புள்ளி, தொடக்க மதிப்பு 0; உயிர், தொடக்க மதிப்பு 3.

நிபந்தனை: மாங்காய்க்கும் கூடைக்கும் 'கொலிஷன்', அதாவது மோதல். செயல்: மாங்காயை அழி, புள்ளியில் 1 கூட்டு. திரையில் ஐந்து மாங்காய் இருக்கும்போது 'மாங்காயை அழி' என்றால் எதை? நிபந்தனைக்குள் சிக்கியதை மட்டும். கூடையில் பட்டது எதுவோ, செயல் அதற்கு மட்டுமே. மற்ற நான்கும் தம்பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும். இதே செயலை நிபந்தனை இல்லாத நிகழ்வில் போட்டால் ஒன்றுகூட மிஞ்சாது. ஜிடெவலப்பில் இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தவறிய மாங்காய்க்கு: அதன் ஒய் 720-ஐத் தாண்டினால், உயிரில் 1 கழி, மாங்காயை அழி. அழிக்க மறந்தால் வேடிக்கைதான். திரைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் அந்த ஒற்றை மாங்காய் நொடிக்கு 60 முறை உயிர் கேட்கும். மூன்று உயிரும் கண் இமைக்கும் முன் தீர்ந்துவிடும்.

கடைசி நிகழ்வு: உயிர் 0 அல்லது அதற்குக் கீழே என்றால் 'சேஞ்ச் தி சீன்', இதே காட்சிக்கு. காட்சியின் மாறிகளும் அதோடு தொடக்க மதிப்புக்குத் திரும்பிவிடும்.

புள்ளியைத் திரையில் காட்ட 'டெக்ஸ்ட்' வகைப் பொருள் ஒன்று போதும். எண்ணை 'டூஸ்ட்ரிங்' மூலம் எழுத்தாக மாற்றி அதில் இடுங்கள்.

5. பிறருக்குக் காட்ட

கணக்குத் தொடங்கினால் மென்பொருளுக்குள்ளிருந்தே இணையத்தில் ஏற்றி, இணைப்பை அனுப்பலாம். அனுப்பிய ஐந்தாவது நிமிடம் 'கூடை நகரவே இல்லை' என்று பதில் வரும். அவர்கள் திறந்திருப்பது கைப்பேசியில். அங்கே அம்புக்குறி ஏது? கூடையை நகர்த்தும் இரண்டு நிகழ்வுகளையும் நகலெடுங்கள். விசைப்பலகை நிபந்தனையை எடுத்துவிட்டு, 'திரை தொடப்பட்டிருக்கிறது', 'தொட்ட இடத்தின் எக்ஸ் 640-க்கு மேல்' என்ற இரண்டையும் சேர்த்து வையுங்கள். இடப்பக்கத்துக்கு 640-க்குக் கீழ். பிறகு மறுபடி ஏற்றுங்கள்.