டிஸ்கஸில் ஆண் எது, பெண் எது? வயிற்றடியில் நீளும் குழாயைப் பார்க்கும் வரை முடிவு கட்டாதீர்கள்

டிஸ்கஸ் என்னும் தட்டையான வட்ட வடிவ அலங்கார மீனில், ஏழு மாதம் இரண்டு பெண் மீன்களை ஜோடி என்று நம்பி வளர்த்த அனுபவத்தில் எழுதுகிறேன். அந்த ஏழு மாதத்தில் நான்கு முறை முட்டை வந்தது, நான்கு முறையும் மறுநாளே வெள்ளை அடித்துப் பூஞ்சை பிடித்தது, நானும் தண்ணீர்தான் சரியில்லை என்று பி.எச். (அமில-காரத் தன்மை) பார்ப்பதும் வடிகட்டியை மாற்றுவதும் மெத்திலீன் ப்ளூ என்ற பூஞ்சை மருந்தை ஊற்றுவதுமாக இருந்தேன். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. தொட்டியில் ஆண்தான் இல்லை.

கப்பி என்ற சின்ன மீனை வளர்த்துவிட்டு டிஸ்கஸுக்கு வருபவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். கப்பியில் அடித்துடுப்பைப் பார்த்தாலே போதும். டிஸ்கஸில் ஆணும் பெண்ணும் வெளித்தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒன்று. நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது, கோடுகளை வைத்தும் முடியாது.

தொட்டி அமைப்பது, சூடு 28 முதல் 30 டிகிரி வைப்பது, தண்ணீர் மாற்றுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில்: வயது வரட்டும்

மூன்று அங்குலக் குட்டியைக் காட்டி "இது ஆண், இது பெண்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெண் முட்டைக்குத் தயாராகவே பெரும்பாலும் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும், ஆணுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். ஜோடி வேண்டும் என்றால் இரண்டு குட்டி வாங்காமல் ஆறு அல்லது அதற்கு மேல் வாங்கி ஒன்றாக வளர்த்து, அவையே ஜோடி சேரும்படி விட்டுவிடுவதுதான் நல்லது.

இப்போதே ஒரு வேலை செய்துவிடுங்கள்: ஒவ்வொரு மீனையும் பக்கவாட்டில் ஒரு புகைப்படம் எடுத்து எண் போட்டு வையுங்கள். ஒரே ரகத்தில் ஆறு இருந்தால் நேற்று பார்த்தது எது, இன்று பார்ப்பது எது என்று குழம்பிவிடும். கண்ணைச் சுற்றி வரும் கோடு, செவுள் மூடிமேல் உள்ள நெளிவு, துடுப்பில் ஒரு சின்ன வெட்டு, ஏதாவது ஒன்று ஒவ்வொன்றுக்கும் தனியாக இருக்கும்.

அடுத்து: ஊகக் குறிகள் (நம்பாதீர்கள், ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்)

ஆண் உடம்பு பெரிதாக இருக்கும், நெற்றி தடித்திருக்கும், உதடு தடித்திருக்கும், முதுகுத் துடுப்பின் பின்முனை கூராக நீண்டிருக்கும், பெண்ணுக்கு அந்த முனை உருண்டையாக இருக்கும் என்பார்கள். ஒரே முட்டைத் தொகுதியில் பிறந்து ஒன்றாக வளர்ந்த மீன்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இதில் ஓரளவு உண்மை தெரியும். ஆனால் எந்த மீன் சாப்பாட்டை முந்திப் பிடிக்கிறதோ அதுதான் பெரிதாகும், அது பெண்ணாகவும் இருக்கலாம். நான் விழுந்தது இங்கேதான். என் தொட்டியில் நெற்றி தடித்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்த மீனுக்கு நானே ஆண் பட்டம் கொடுத்துவிட்டேன்.

முதுகுத் துடுப்பின் ஓரத்தையும் அடித்துடுப்பின் ஓரத்தையும் ஒட்டி வால் பக்கமாக இரண்டு கோடுகளை நீட்டிப் பார்க்கும் ஒரு முறையும் உண்டு. ஒரே மீனை மூன்று படம் எடுத்துக் கோடு போட்டேன். இரண்டில் ஒரு பதில், மூன்றாவதில் வேறு பதில். மீன் இம்மி திரும்பினாலும் கோடு நகர்ந்துவிடுகிறது, துடுப்பை விரிப்பதும் மடக்குவதும் அதன் இஷ்டம். அதனால் அந்த முறையை நான் இங்கே சொல்லித்தரப் போவதில்லை.

ஜோடி சேர்வதைக் கவனிப்பது

இரண்டு மீன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். எதிரெதிரே நின்று தலை வணங்குவதுபோல் குனிந்து நிமிரும். உடம்பைச் சிலிர்க்கும். வாலை ஒட்டிய பகுதி கருத்துப்போகும். முட்டை போடுவதற்கென்று தொட்டியில் வைத்த கூம்பையோ பி.வி.சி. குழாயையோ வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். இதைப் பார்த்ததும் அந்த இரண்டையும் தனித் தொட்டிக்கு மாற்றலாம்: அடியில் மணல் வேண்டாம், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், முட்டை போட ஒரு களிமண் கூம்பு. கூம்பு கிடைக்காவிட்டால் செங்குத்தாக நிறுத்திய பி.வி.சி. குழாய் போதும். எனக்கு வெளிர்நிறக் குழாய்தான் பிடிக்கும், அதன் முன்னால் மீனின் வயிற்றுப் பக்கம் தெளிவாகத் தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆண் கிடைக்காதபோது இரண்டு பெண்களும் ஜோடி சேரும். குனிந்து நிமிர்வது, சிலிர்ப்பது, சுத்தம் செய்வது, காவல் காப்பது எதிலும் குறை வைக்காது. ஆகவே நடத்தையை வைத்து இவை இரண்டும் ஜோடி என்று சொல்லலாமே தவிர, ஒன்று ஆண் இன்னொன்று பெண் என்று சொல்ல முடியாது.

இனி முக்கியமான இடம்: குழாய்

முட்டை போடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் வயிற்றுக்கு அடியில், அடித்துடுப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு சின்னக் குழாய் வெளியே நீளும். பெண்ணுடையது தடிமனாக, முனை மழுங்கி, ஸ்ட்ராவை நறுக்கிவிட்ட மாதிரி இருக்கும். ஆணுடையது மெலிந்து, சிறுத்து, சீவிய பென்சில் முனை மாதிரி கூராக இருக்கும். முட்டை வெளிவர வேண்டும் என்பதால் பெண்ணுக்கு அகலம், அவ்வளவுதான் கணக்கு.

கேட்க எளிதாக இருக்கிறது. நேரில் பார்க்கப் போனால் சில மில்லிமீட்டர் சதை, அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும் மீனின் அடியில். முதல் முறை நான் உட்கார்ந்து பார்த்து "ஆகா, மெலிதாக நீளமாக இருக்கிறது, ஆண்தான்" என்று முடிவு கட்டினேன். இரண்டு நிமிடம் கழித்து அது அறுந்து கீழே விழுந்தது. கழிவு!

அங்கே துளை இரண்டு இருக்கிறது. தலைப்பக்கம் இருப்பது கழிவுத் துளை. அதற்குப் பின்னால், வால் பக்கம் இருப்பதுதான் நாம் பார்க்க வேண்டிய குழாய். கழிவு நூலாகத் தொங்கி ஆடும். குழாய் உடம்போடு சேர்ந்து விறைப்பாக நிற்கும், மீன் திரும்பினாலும் ஆடாது. சந்தேகமாக இருந்தால் சாப்பாடு போட்டு நான்கைந்து மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

பார்க்கும் விதம்:

1. கண் மட்டம் மீனின் வயிற்றுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி குட்டை முக்காலியில் உட்காருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது.
2. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். நேராக அடித்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.
3. பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். டிஸ்கஸ் பயந்த சுபாவம், மூலையில் போய் ஒட்டிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.
4. முட்டை போடுவதற்கு முன் கூம்பை ஒட்டிக் கீழிருந்து மேலாக வெறுமனே போய்ப் பார்க்கும், ஒத்திகை மாதிரி. அப்போதுதான் வயிறு நன்றாகத் தெரியும். புகைப்படம் எடுக்காமல் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து, அப்புறம் ஒவ்வொரு காட்சியாக நிறுத்திப் பாருங்கள்.

இரண்டிலும் மழுங்கிய தடித்த குழாய் தெரிந்தால் இரண்டும் பெண். இதைத்தான் ஏழு மாதம் கழித்து ஒரு இரவு என் வீடியோவில் பார்த்தேன்.

முட்டை போடும் நேரம்

குழாயைத் தவறவிட்டால் இங்கே கடைசி வாய்ப்பு. பெண் கூம்பை உரசியபடி கீழிருந்து மேலே போகும், போன வழியில் முட்டைகள் ஒரு வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பின்னாலேயே ஆண் அதே வழியில் போகும், அதன் பின்னால் புது முட்டை எதுவும் இருக்காது. இப்படி மாறி மாறி ஒரு மணி நேரம்கூட நடக்கும். இரண்டு மீன் போன வழியிலும் புது முட்டை தெரிந்தால் வேறு விளக்கமே தேவையில்லை. முட்டை எண்ணிக்கை வழக்கத்துக்கு மிஞ்சி இருந்தாலும், கூம்பில் இரண்டு திட்டாகப் பிரிந்து கிடந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கருவுற்ற முட்டை ஒரு நாளுக்குப் பிறகு கருமை தட்டத் தொடங்கி, இரண்டரை நாள் அளவில் வால் துடிக்கும். கருவுறாதது வெள்ளையாகிவிடும்.

என் கதையில் ஆண் யார் என்றால், பெரிய தொட்டியில் ஹீட்டருக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்த, இருப்பதிலேயே சின்ன மீன்.

பிறகு சேர்த்தது

"குழாய் இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் முட்டை வெள்ளையாகிறது" என்று சிலர் கேட்டார்கள். அப்படியானால் இப்போதுதான் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கடின நீரில் டிஸ்கஸ் நன்றாக வளரும், முட்டை மட்டும் போடும், குஞ்சு வராது. ஆர்.ஓ. தண்ணீர் கலந்து டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) குறைத்துப் பாருங்கள். இளம் ஆண் முதல் சில முறை சொதப்புவதும் சகஜம், அதற்காக ஜோடியைப் பிரித்துவிடாதீர்கள்.

இன்னொருவருக்கு எந்த மீனிலும் குழாயே தெரியவில்லையாம். அவர் பார்த்தது முட்டை போட்டு மூன்றாம் நாள். அதற்குள் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். டிஸ்கஸ் ஜோடி ஒத்துப்போனால் முட்டை போன ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி போடும், அதனால் தேதி குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை முன்கூட்டியே முக்காலியைப் போட்டுவிடுங்கள்.

ஏஞ்சல் மீனுக்கும் இதே குழாய்க் கணக்குதான். டிஸ்கஸை விட அங்கே பார்ப்பது கொஞ்சம் எளிது, பழகிக்கொள்ள வேண்டும் என்றால் அதில் தொடங்குங்கள்.