அட்டையில் ஒரு வைஹே: ஃபோக்கே-வுல்ஃப் 58 செய்வது எப்படி?

பெங்களூரில் மாருத் போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க்கைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் இந்த விமானம் என் கண்ணில் பட்டது. போருக்கு முன்பு ஜெர்மனியில் அவர் வடிவமைத்தது, 1935-இல் முதலில் பறந்தது. இரண்டு எஞ்சின் கொண்ட இலகு ரக விமானம். விமானிப் பயிற்சிக்கும், ஆட்களை ஏற்றிச் செல்லவும், நோயாளிகளைக் கொண்டு போகவும் பயன்பட்டது. வைஹே என்றால் நம் ஊர் பூனைப்பருந்து. அழகான பெயர்.

அளவு. உண்மை விமானத்தின் இறக்கை வீச்சு 21 மீட்டர், நீளம் 14 மீட்டர். 72-இல் ஒரு பங்காகக் குறைத்தால் இறக்கை 29.2 செ.மீ., உடல் 19.4 செ.மீ. முப்பக்க வரைபடத்தை (மேலிருந்தும், முன்னிருந்தும், பக்கத்திலிருந்தும் பார்க்கும் படங்கள்) இந்த அளவுக்கு அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

உடல். குறுக்குச் சட்டங்களை 2 செ.மீ.க்கு ஒன்றாக வெட்டி, நடுவில் ஒரு முதுகெலும்பு அட்டையில் செருகி, மேலே தடித்த வெள்ளை அட்டையைப் போர்த்துங்கள். ஃபெவிகாலைப் பல்குச்சி முனையால் தொட்டு வைத்தால் போதும், அதிகமானால் அட்டை நெளிந்துவிடும். நொடியில் ஒட்டும் பசையை நான் தொடுவதே இல்லை. கோணலாக ஒட்டினால் திருத்த வழி கிடையாது.

இறக்கை. மடித்து ஒட்டுவதற்கு முன், மை தீர்ந்த பேனாவால் உள்பக்கத்தில் கோடுகளை அழுத்தி இழுங்கள். வெளியே லேசாகப் புடைத்து, உண்மை இறக்கையில் போர்த்திய துணிக்கு அடியில் விலா எலும்பு தெரிவது போலவே இருக்கும்.

எஞ்சின். இங்கே நிதானம் வேண்டும். என் முதல் மாதிரியில் எல்லாம் சரியாக இருந்தும், முன்னால் இருந்து பார்த்தால் ஏதோ வேறு விமானம் போலத் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது: புரொப்பெல்லரை எஞ்சின் கூட்டின் நட்டநடுவில் வைத்திருந்தேன்.

இதில் இருப்பது ஆர்கஸ் ஏ.எஸ். 10 சி, 240 குதிரைத்திறன். காற்றால் குளிரும் எட்டு சிலிண்டர்களும் பக்கத்துக்கு நான்காக, தலைகீழான 'வி' வடிவில் கீழ்நோக்கித் தொங்குகின்றன. புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் தண்டு மேலே இருக்கிறது. அதனால் புரொப்பெல்லரும் உயரத்தில் நிற்கிறது, தரையில் இடிக்கும் பயம் குறைகிறது. ஆகவே முதலில் தண்டு வரும் இடத்தில் குண்டூசியால் துளை போடுங்கள். துளை கூட்டின் மேல்பகுதியில் இருக்க வேண்டும், அதற்குக் கீழே கூடு தாடை போல இறங்க வேண்டும். துளையை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கூட்டைச் சுருட்டி ஒட்டுங்கள். இரண்டு கூடுகளையும் ஒரே நேரத்தில் செய்தால்தான் உயரம் ஒத்துவரும்.

தாங்குகுச்சிகள், சக்கரம். உடலின் மேல்பக்கத்திலிருந்து எஞ்சின் கூட்டுக்குத் தாங்குகுச்சிகள் வரும். ஊதுபத்தியின் மூங்கில் குச்சியைச் சீவினால் இதற்கு அருமையாக அமையும். சக்கரங்கள் கூட்டுக்குள் மடங்கிக்கொள்ளும். பறக்கும் நிலையில் செய்தால் இந்த வேலையே இல்லை, முதல் முறைக்கு அதுதான் என் பரிந்துரை.

பின்சேர்க்கை: இறக்கை 2 மி.மீ. குறைகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ.தான். அச்சுப்பொறி ஓரம் விடும்போது படத்தைச் சுருக்கிவிடுகிறது. இடது, வலது இறக்கைகளைத் தனித்தனித் தாளில் அச்செடுத்து, வெட்டும் முன் அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

மூக்கில் கண்ணாடி உண்டா என்றும் கேட்டிருந்தார்கள். பி வகையில் உண்டு, சி வகையில் மூக்கு மூடியிருக்கும். தொடங்குபவர்கள் சி வகையையே எடுத்துக்கொள்ளுங்கள். பி வகையை நேரில் பார்க்க ஆசை என்றால், ரியோ டி ஜெனிரோ விமான அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. பிரேசிலிலும் உரிமம் பெற்று இதைக் கட்டினார்கள்.