பாரசீகத் தோட்டங்களில் பழமரம் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஈரானின் பழைய தோட்டங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நடுவில் ஓடும் கால்வாயைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். காஷானின் ஃபின் தோட்டத்தில் அந்தக் கால்வாயும் சைப்ரஸ் வரிசையும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் கூட்டிப்போகிறவர்களை முதலில் ஓரத்துக்குத்தான் நகர்த்துவேன். மாதுளை, பாதாம், திராட்சை என்று சாப்பிடுகிற எதுவும் பக்கத்துப் பாத்திகளில்தான் இருக்கும்.

ஊரை முடிவு செய்யும் முன் மாதத்தை முடிவு செய்யுங்கள். ஷிராஸ் என்றால் ஏப்ரல். அங்குள்ள எரம், நாரஞ்செஸ்தான் தோட்டங்களில் நாரத்தை இன மரங்கள் பூத்து, வாசலுக்கு வெளியே நிற்கும்போதே மணம் வரும். மாதுளைதான் வேண்டும் என்றால் அக்டோபரில் யஸ்த் பக்கம் போங்கள். அங்கிருந்து தெற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் மெஹ்ரீஸ் ஊரில் பஹ்லவான்பூர் தோட்டம் இருக்கிறது. யுனெஸ்கோ 2011-இல் பட்டியலில் சேர்த்த ஒன்பது பாரசீகத் தோட்டங்களில் அதுவும் ஒன்று. எனக்குப் பிடித்ததும் அதுதான். மாளிகையைவிடத் தோப்புக்கு அங்கே மரியாதை அதிகம். மார்ச் 20-ஐ ஒட்டி வரும் நவ்ரூஸ் என்ற பாரசீகப் புத்தாண்டு விடுமுறை இரண்டு வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் மரமே தெரியாது.

சரி, உள்ளே போயாயிற்று. பாத்திக்குள் இறங்காதீர்கள். பறிப்பதைவிட இதுதான் பெரிய தப்பு என்பேன். பாத்திகள் நடைபாதையைவிடத் தாழ்ந்திருப்பது தண்ணீருக்காக. மலையடிவாரத்திலிருந்து கனாத் என்ற சுரங்க வாய்க்கால் வழியே வரும் நீரைச் சிறு மடை திறந்து விடுவார்கள். பாத்தி நிரம்பியதும் மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்து, அடுத்த பாத்திக்குத் திருப்புவார்கள். ஈர மண்ணில் பத்துப் பேர் நடந்தால் மண் இறுகிவிடும், கரையும் உடையும். நாள் முழுக்க மண்வெட்டியோடு நிற்கிறவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பறிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. நுழைவுச்சீட்டு பார்ப்பதற்கு மட்டும்தான். உதிர்ந்து கிடந்தாலும் கேட்டுவிட்டே எடுங்கள். தோட்டக்காரரை அங்கே பாக்பான் என்பார்கள். அவரிடம் போய், "சலாம், எஜாஸே ஹஸ்த்?" என்றால் போதும், அனுமதி உண்டா என்று பொருள். இன்னும் நல்ல வழி, பழத்தைக் கேட்காமல் மரத்தைப் பற்றிக் கேட்பது. வெடித்த மாதுளையைக் காட்டி ஏன் என்று கேளுங்கள். காய்ந்து கிடந்த மரம் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தால் உள்ளே முத்துகள் பருத்துத் தோல் பிளக்கும் என்று கையாலேயே நடித்துக் காட்டுவார்கள். அப்புறம் அந்த வெடித்த பழமே உங்கள் கைக்கு வரவும் வாய்ப்புண்டு.

வந்தால் உடனே வாங்கிவிடாதீர்கள். தாரோஃப் என்ற உபசார வழக்கம் அங்கே உண்டு: கொடுப்பவர் மரியாதைக்காகவும் நீட்டுவார். ஓரிரு முறை மறுத்துப் பாருங்கள். அதற்கு மேலும் நீட்டினால் மனசார வாங்கிக்கொள்ளலாம்.

எரம் தோட்டம் ஷிராஸ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவும் ஆகும். அங்கே இலையைக் கிள்ளி முகர்ந்து பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். நாரத்தைப் பூவின் ருசி வேண்டுமென்றால் வக்கீல் பஜாரில் பூவைக் காய்ச்சி வடித்த நீரும், பூ சேர்த்த பழப்பாகும் கிடைக்கும். நம் வங்கி அட்டைகள் ஈரானில் வேலை செய்யாது, ரொக்கமாக வைத்திருங்கள். கடைக்காரர் விலையைத் தொமானில் சொல்வார், நோட்டில் ரியால் கணக்கு இருக்கும். ஒரு தொமான் பத்து ரியால். "காபெல் நதாரே", அதாவது காசு வேண்டாம் என்று அவர் சொன்னாலும் அதுவும் உபசாரம்தான். கொடுத்துவிட்டு வாருங்கள்.