கைக்குழந்தையோடு நடைபாதையில் இருக்கும் தாய்க்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் மாட்டுங்கா, சயான், தாராவிப் பக்கத்து நம் தமிழ் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து, மேம்பாலத்தடியில் பச்சைக் குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு உதவலாம் என்று கிளம்பினால், முதலில் வாங்குவது பால் பவுடர் டின்னும் பாட்டிலும்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பாட்டிலைக் கொதிக்க வைக்க அவளிடம் அடுப்பு கிடையாது. டின் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்குவாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும், எடை ஏறாது. சப்பிக் குடிக்கக் குடிக்கத்தான் தாய்ப்பால் ஊறும். பாட்டில் பழகினால் அதுவும் குறையும். டின் தீரும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. அநாதை இல்லங்கள் தவிர வேறு யாருக்கும் பால் பவுடரையோ பாட்டிலையோ தானமாகக் கொடுக்கக் கூடாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கும் தாய்ப்பாலே கிடைக்க வேண்டும் என்றுதான் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் சயான் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதலாவது. பவுடர் தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

சரி, கையில் இருக்கும் பணத்தை என்ன செய்வது? தாய்க்குச் செலவழியுங்கள். பருப்புச் சோறு, முட்டை, வேர்க்கடலை, குடிக்க நல்ல தண்ணீர். ‘பிள்ளை பெற்றவள் இதைத் தொடக் கூடாது’ என்று நம் வீட்டுப் பத்தியத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். கிடைப்பதே ஒரு வேளை. போர்வை எல்லோரும் கொடுக்கிறார்கள். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டியை யாரும் யோசிப்பதில்லை. ஆள் நடமாட்டத்துக்கு நடுவே பால் கொடுப்பவளுக்கு அதுவும் ஒரு துப்பட்டாவும் பெரிய உதவி. நாப்கின் வேண்டும். தையல் போட்ட இடத்தைக் கழுவ, கட்டணக் குளியலறைக்குத் தினமும் சில்லறை வேண்டும்.

பாட்டி வைத்தியமும் வேண்டாம். சேனை (பிறந்ததும் நாக்கில் வைக்கும் சர்க்கரைத் தண்ணீர்), தேன், வசம்பு உரைத்த தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். மழைக்காலத்தில் குழந்தை சில்லிட்டால் ஈரத்துணியை மாற்றி, தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து, மேலே போர்த்தச் சொல்லுங்கள்.

காகிதங்களை மறந்துவிடுகிறோம். டிஸ்சார்ஜ் பேப்பர், தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே மழையில் கூழாகிவிடும். ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கிக் கொடுங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். தெருவில் பிறந்திருந்தால் யாராவது கூடப் போனால்தான் நடக்கும். குழந்தைக்குப் பெயரைப் பிறகு சேர்க்கலாம். தகப்பன் பெயர் இல்லையே என்று தயங்க வேண்டாம்: மணமாகாத தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாலே பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடித்த புருஷனிடமிருந்து தப்பி வந்தவளாக இருந்தால், அவள் இருக்கும் இடத்தை நீங்களே காட்டிக் கொடுத்ததாகிவிடும். ‘பிள்ளையில்லாத என் சித்தி வளர்க்கட்டுமே’ என்பது இன்னும் மோசம், சட்டப்படி தத்தெடுக்காமல் அப்படி வாங்கிக்கொள்வது குற்றமாகலாம். வளர்க்க முடியாது என்று தாயே சொன்னால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். குழந்தைகள் நலக் குழு முன்பு ஒப்படைத்தாலும் மனம் மாற அவளுக்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ, அணைத்துப் போர்த்திய பிறகும் சில்லிட்டே இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உள்ளங்காலும் மஞ்சளித்தாலோ, தாய்க்குக் காய்ச்சலோ நிற்காத ரத்தப்போக்கோ இருந்தாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, மராத்தி தெரிந்த ஒருவர் கூடவே போகட்டும். ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் என்ற சீட்டு எடுக்கும் வரிசையில் நிற்கவும் ஓர் ஆள் வேண்டும். குழந்தையையும் மூட்டையையும் வைத்துக்கொண்டு அவளால் அங்கே நிற்க முடியாது.