அந்நிய முதலீடு ஒரு நிறுவனத்தை உயர்த்தியதா? சோதித்துப் பார்க்கும் முறை

இந்த ஆய்வில் புதிதாக இறங்குகிற மாணவர்கள் என்னிடம் காட்டும் முதல் அட்டவணை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் அந்நியப் பங்குள்ள நிறுவனங்கள், மறுபக்கம் உள்நாட்டு நிறுவனங்கள். தலைக்கு எவ்வளவு உற்பத்தி என்று பார்த்தால் முதல் பக்கம் முந்தி நிற்கும். என் ஆய்வும் அந்த அட்டவணையில்தான் தொடங்கியது. ஆனால் அதை வைத்து ஒரு முடிவும் எழுதாதீர்கள். பணம் போடுகிறவர் ஏற்கெனவே நன்றாக ஓடும் நிறுவனத்தைத்தானே தேடிப் பிடிப்பார்? குவாதலூப்பே, குஸ்மினா, தாமஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 1990 முதல் 2006 வரையிலான ஸ்பெயின் தரவுகளில் கண்டது இதுதான்: ஒரே துறைக்குள்ளேயே உற்பத்தித்திறன் மிகுந்த நிறுவனங்களைத்தான் பன்னாட்டு நிறுவனங்கள் வாங்கின. வாங்கிய பிறகு அவற்றில் புதுமைகளும் பெருகின. தேர்ந்தெடுப்பும் உண்மை, முன்னேற்றமும் உண்மை. ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தெடுப்பதே உங்கள் வேலை.

முதலில் அந்நிய நிறுவனம் எது என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச நாணய நிதியத்தின் வரையறைப்படி, அந்நிய முதலீட்டாளர் ஒருவரிடம் வாக்குரிமையில் 10 சதவீதம் இருந்தாலே அது நேரடி முதலீடு. அந்தக் கோட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 12 சதவீதம் வைத்திருப்பவரும் 100 சதவீதம் வைத்திருப்பவரும் ஒன்றல்ல. பங்கின் அளவைத் தனி நெடுவரிசையாகத் தரவில் வைத்திருங்கள்.

அடுத்தது நிறுவன எண், அதாவது பதிவேட்டில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உள்ள அடையாள எண். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் எனக்கு எட்டு மாத உழைப்பு வீணானது இங்கேதான். நான் பயன்படுத்திய பதிவேட்டில், உரிமையாளர் மாறியதும் பல நிறுவனங்களுக்குப் புதிய எண் கொடுத்திருந்தார்கள். என் கணினிக்கு அது ஒரு நிறுவனம் மூடப்பட்டு, வேறொன்று பிறந்ததாகத் தெரிந்தது. கைமாறிய நிறுவனங்களை ஒப்பிட நான் தேடிய 'முன்பு' மொத்தமாகக் காணாமல் போயிருந்தது. பிறகு உட்கார்ந்து முகவரி, துறைக் குறியீடு, ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் பொருத்திப் பார்த்து, பழைய எண்ணைப் புதிய எண்ணோடு ஒவ்வொன்றாக இணைத்தேன். ஒரே ஆண்டில் மறையும் எண்களையும் தோன்றும் எண்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். எந்தக் கணக்கையும் அதற்குப் பிறகு தொடங்குங்கள்.

உற்பத்தித்திறனை அளப்பதில் இரண்டு குழிகள் உண்டு. உற்பத்தியை மூலதனம், உழைப்பு, மூலப்பொருள் ஆகியவற்றோடு சாதாரண ரிக்ரெஷனில் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிடும் புள்ளியியல் முறை) பொருத்தி, அவற்றால் விளக்க முடியாத மீதியை உற்பத்தித்திறன் என்று கொள்வது முதல் குழி. திறன் கூடியிருப்பதை மேலாளர் நமக்கு முன்பே அறிவார். அதற்கேற்ப ஆட்களையும் பொருளையும் கூட்டிவிடுவார். அதனால் திறனின் பலன் ஆட்கள், பொருள் ஆகியவற்றின் கணக்கில் கலந்துவிட, அந்த மீதி தவறாகிவிடும். மார்ஷாக்கும் ஆண்ட்ரூஸும் 1944-லேயே இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டினார்கள். ஆலி, பேக்ஸ் இருவரும் 1996-இல் நிறுவனத்தின் முதலீட்டு முடிவைக் கொண்டு அந்த மறைந்த திறனைப் பிடிக்க வழி சொன்னார்கள். முதலீடே செய்யாத ஆண்டுகள் உங்கள் தரவில் நிறைய இருந்தால், இடுபொருள் செலவைப் பயன்படுத்தும் லெவின்சன், பெட்ரின் முறை (2003) பொருந்தும். இரண்டிலும் கணக்கிட்டு அருகருகே வையுங்கள்.

இரண்டாவது குழி விலை. ஒரு நிறுவனத்தின் விற்பனை 100-லிருந்து 112 ஆகிறது. விலையும் 12 சதவீதம் ஏறியிருந்தால் ஒரு பொருள்கூட அதிகமாக உற்பத்தியாகவில்லை. துறை முழுவதற்கும் உள்ள விலைக் குறியீட்டெண்ணால் வகுத்தாலும், அந்த ஒரு நிறுவனம் மட்டும் விலையை உயர்த்தியது திறனாக வேடம் போட்டு நிற்கும். அந்நிய நிறுவனங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தாய் நிறுவனத்திடமிருந்து பொருளை மிகை விலைக்கு வாங்கியதாகக் கணக்கில் காட்டினால், உண்மையில் நன்றாக இயங்கும் ஆலைகூட மந்தமாகத் தெரியும். அளவு எண்ணிக்கையாக, டன்னாக, மீட்டராகக் கிடைக்கும் துறை ஒன்றையாவது தனியாக எடுத்துச் சரிபாருங்கள்.

இனி ஒப்பீடு. வாங்கப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் இரட்டையைத் தேடுங்கள்: அதே துறை, அதே ஆண்டு, முந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ அதே அளவு, வயது, கூலி, உற்பத்தித்திறன், ஆனால் கைமாறாதது. வாங்கப்பட்டது 100-லிருந்து 120-க்கும், இரட்டை 100-லிருந்து 113-க்கும் போயிருந்தால், உரிமை மாற்றத்தின் பங்கு 20 அல்ல, 7. கைமாறுவதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளின் போக்கை வரைந்து பாருங்கள்; கோடுகள் அப்போதே பிரிந்து சென்றால் அது இரட்டையே அல்ல. ஆர்னால்டும் யாவோர்சிக்கும் இந்தோனேசிய ஆலைகளில் இவ்வாறு ஒப்பிட்டு (2009), மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வாங்கப்பட்ட ஆலைகளின் உற்பத்தித்திறன் 13.5 சதவீதம் கூடியிருந்ததைக் கண்டார்கள்.

அக்கம்பக்கத்து நிறுவனங்களுக்குப் பலன் கசிகிறதா என்பது வேறு கேள்வி. என் மனதுக்கு மிக நெருக்கமானதும் இதுதான், ஏனென்றால் அரசுகள் வரிச்சலுகை தருவதற்குச் சொல்லும் காரணமே இந்தக் கசிவுதான். ஐட்கனும் ஹாரிசனும் வெனிசுவேலா ஆலைகளை ஆண்டுவாரியாகப் பின்தொடர்ந்தபோது (1999), அதே துறையின் உள்நாட்டு ஆலைகளின் உற்பத்தித்திறன் சரிந்திருந்தது. புதிதாக வந்தவர் வாடிக்கையாளர்களைப் பறித்துக்கொண்டால், உள்நாட்டு ஆலையின் உற்பத்தி குறைகிறது; வாடகை போன்ற மாறாத செலவோ அந்தக் குறைவான உற்பத்தியின் மேல் விழுகிறது. யாவோர்சிக் லிதுவேனியாவில் (2004) துறைக்குள் தேடுவதோடு நிற்காமல், அந்நிய நிறுவனங்களுக்குப் பொருள் வழங்கும் துறைகளையும் பார்த்தார். பலன் அங்கே இருந்தது. அதுவும் உள்நாட்டவரும் பங்கு வைத்திருந்த திட்டங்களிலிருந்து.

இதை நீங்களும் கணக்கிடலாம். ஒவ்வொரு துறையின் உற்பத்தியிலும் அந்நியர் பங்கு எவ்வளவு என்று எடுங்கள். எந்தத் துறை எந்தத் துறைக்கு எவ்வளவு விற்கிறது என்று காட்டும் உள்ளீடு-வெளியீடு அட்டவணையிலிருந்து, வழங்கும் துறையின் உற்பத்தியில் எத்தனை பங்கு எந்தத் துறைக்குப் போகிறது என்று எடுத்துப் பெருக்கிக் கூட்டுங்கள். தன் துறைக்குள்ளேயே விற்பதை விட்டுவிடுங்கள். இந்த எண் துறைக்கு ஒன்றுதான் என்பதால் திட்டப்பிழைகளை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதன் அளவு) துறைவாரியாகத் தொகுத்தே கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் வெறும் தற்செயல்கூட உறுதியான முடிவாகத் தோன்றும்.

முடிவை எழுதும்போது, மொத்த நிறுவனங்களின் எண்ணிக்கைக்கு முன்னால் கைமாறியவற்றின் எண்ணிக்கையை எழுதுங்கள். தரவில் 5,000 நிறுவனங்கள் இருக்கலாம். உங்கள் முடிவைத் தாங்கி நிற்பவை அவற்றில் 60 மட்டுமே என்றால், படிக்கிறவருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.