ஒரு நாளைக்கு ஒரு ஊசி நூல்

தலவாக்கலைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பரா பார்க்கிறேன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். சாயங்காலம் கடைசிக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இப்போது 17 பிள்ளைகள். அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் அடுப்பு, தண்ணீர், துணி, மாமியாரின் மருந்து. இதற்குள்தான் போன மாசியில் உயிரெழுத்து, மெய்யெழுத்து, ஆய்தம் என்று 31 எழுத்தையும் குரோஸ் ஸ்டிச்சில் தைத்து முடித்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இதுக்கெல்லாம் உனக்கு ஏது நேரம்?" ஆசை இருந்தும் கை வைக்க முடியாமல் இருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் என்று தெரியும். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டம் கட்டமாக நெய்த துணியில், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளடி போட்டுக்கொண்டே போவதுதான் குரோஸ் ஸ்டிச். தேர்தல் சீட்டில் போடுகிறோமே, அதே புள்ளடி. துணிக்கு ஐடா என்று பெயர். 14 கவுண்ட் என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். சாம்ப்ளர் என்பது கற்ற தையலையும் எழுத்தையும் பூவையும் ஒரே துணியில் தைத்து வைக்கும் மாதிரித் துணி. லண்டனில் விக்டோரியா அன்ட் அல்பர்ட் மியூசியத்தில் ஜேன் பொஸ்டொக் என்ற பெண் தைத்த ஒன்று இருக்கிறது. 1598 என்று அதிலேயே தைத்திருக்கிறாள். ஆண்டு போட்ட பிரித்தானிய சாம்ப்ளர்களில் அதுதான் மிகப் பழையது. எழுத்துகளோடு, அலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்தாள் என்றும் அதில் இருக்கிறது. ஒரு பிள்ளை பிறந்த கிழமையைக்கூட மறக்கக் கூடாது என்று ஊசியில் எழுதி வைத்த அந்தக் கையை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி நேரத்துக்கு வருவோம். முன்பு நான் செய்த பிழை, "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறுதலாக உட்கார்ந்து தைப்பேன்" என்று காத்திருந்தது. அப்படி ஒரு மத்தியானம் வரவே இல்லை. வந்த ஒன்றிரண்டும் நூலைத் தேடி, ஊசி கோத்து, எங்கே விட்டேன் என்று எண்ணிப் பார்ப்பதிலேயே போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் தைப்பதற்கு எனக்கு நேரம் இருந்தது. தைக்கத் தொடங்குவதற்குத்தான் நேரம் இல்லை. அதனால் தொடங்குகிற வேலை முழுவதையும் ஒரே நாளில் முடித்து வைத்துவிட்டு, மற்ற நாட்களுக்குத் தையலை மட்டும் மிச்சம் வைத்தேன்.

நான் செய்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில் ஏழு ஊசி கோத்து வைப்பேன். முனை மழுங்கிய 24ஆம் நம்பர் ஊசி. நூல்கட்டு ஒன்றில் 8 மீற்றர் நூல் இருக்கும். ஆறு இழை சேர்ந்த நூல். 14 கவுண்ட் துணிக்கு இரண்டு இழை போதும். ஆனால் இரண்டு இழையாகப் பிரிக்காமல், 36 அங்குல நீளத்தில் ஒரே ஓர் இழையை உருவி, நடுவில் மடித்து, இரண்டு நுனியையும் சேர்த்து ஊசியில் கோத்துவிடுங்கள். மறுபக்கம் ஒரு வளையம் நிற்கும். முதல் தையலை மேலே எடுத்து, திரும்பக் கீழே இறக்கும்போது பின்புறத்தில் அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுத்தால் நூல் தானாகப் பூட்டிக்கொள்ளும். முடிச்சு வேண்டாம், பின்னால் நூல் நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். களைத்த கைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

அப்படிக் கோத்த ஓர் ஊசி நூலில் எனக்கு ஏறத்தாழ 30 புள்ளடி வரும். இருபது, இருபத்தைந்து நிமிட வேலை. ஏழு ஊசியையும் பழைய கம்பளித் துண்டில் வரிசையாகக் குத்தி, தகர டின்னில் போட்டு மூடிவிடுவேன். பிறகு மணிக்கூடு பார்ப்பதே இல்லை. "இண்டைக்கு ஒரு ஊசி" என்பதுதான் கணக்கு. ஊசியில் நூல் தீர்ந்தால் அன்றைய பங்கு முடிந்தது, எழுந்துவிடுவேன். மகளுக்கும் இது விளங்கும். "அம்மாவுக்கு இன்னும் பாதி ஊசி இருக்கு" என்று தம்பியை அவளே நிறுத்தி வைப்பாள். பத்து நிமிடம் பொறு என்று சொன்னால் பிள்ளைகள் கேட்பதில்லை. குறைந்துகொண்டே போகும் நூல் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

எந்த நேரம் என்பதை வீட்டின் வெளிச்சம்தான் தீர்மானிக்கும். எங்கள் லயத்துக் காம்பராவில் சின்ன ஜன்னல் ஒன்றுதான். உள்ளே புகை வேறு. அதனால் வேலை விட்டு வந்ததும் முதலில் அடுப்புப் பக்கம் போகாமல் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்காருவேன். நாலே முக்காலிலிருந்து ஐந்தேகால் வரை அங்கே நல்ல வெளிச்சம். ஒரு முறை உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டால் பிறகு வெளியே வர முடியாது. தேத்தண்ணி அரை மணித்தியாலம் பிந்தும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. இப்போது மகனே கேத்தலை வைத்துவிடுகிறான். வாய்விட்டுக் கேட்காத நேரத்தை யாரும் தரமாட்டார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஆடி மாதத்து மழையிலும் மூட்டத்திலும் நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பல்ப் வெளிச்சத்தில்தான். அந்த வேளையில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். ஞாயிறு கோக்கும்போதே ஊசிக்குப் பக்கத்தில் நூலின் நிற நம்பரை எழுதிக் குத்தி வைத்துவிடுவது அதற்காகத்தான். கரண்ட் போனால் நிறுத்திவிடுங்கள். குப்பி விளக்கில் தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகள் மத்தியானம் தூங்குகிற நேரம் தைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இதில் நான் கண்டிப்பு. பிள்ளைக் காம்பராவுக்குள் ஊசியைக் கொண்டுபோவதே இல்லை. தவழுகிற பிள்ளை தரையில் கிடப்பது எதையும் வாயில் போடும். வீட்டிலும் டின்னை மூடுமுன் ஏழு இருக்கிறதா என்று எண்ணுவேன். உங்கள் வேலையிடத்தில் சும்மா இருக்கும் நேரம் எல்லாம் தையல் நேரம் ஆகிவிடாது.

பஸ்ஸில் தைக்க முடியாது. நம் ரோட்டு வளைவில் விரலைத்தான் தைப்போம். ரயில் பரவாயில்லை. கண்டிக்குப் போகும்போது ஜன்னல் ஓரம் கிடைத்தால் இரண்டு ஊசி நூல் முடித்துவிடுவேன். கொட்டகலை தாண்டியதும் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட வேண்டும். அட்டனுக்கு முன்னால் சிங்கமலைச் சுரங்கம் வரும். அரைக் கிலோமீற்றருக்கு மேல் இருட்டு.

அடுத்தது, எந்த நேரத்துக்கு எந்த எழுத்து. தமிழ் எழுத்து சாம்ப்ளரின் அருமை இதில்தான் இருக்கிறது. சதுரக் கோட்டுக் கொப்பியில் ஒவ்வோர் எழுத்தையும் 12 கட்ட உயரத்தில் வரைந்து, எத்தனை புள்ளடி என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். ட் என்றால் நேர்கோடு கீழே இறங்கி வலப்பக்கம் போகிறது. புள்ளியோடு சேர்த்து 21 புள்ளடி, எண்ணவே தேவையில்லை. ப் 33. ஆய்தம் மூன்று புள்ளி, புள்ளிக்கு நாலாக மொத்தம் 12. ஐ, ண், ஔ எல்லாம் சுழி சுழியாக வளைந்து 60ஐத் தாண்டும்; ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துத்தான் போட வேண்டும். ஆகவே காய்ச்சல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பொழுது போன நாளில் ட், ப், ல். போயா (பௌர்ணமி) லீவில் ஐயும் ண்ணும். அ, ஆ என்று வரிசையாகவே தைக்க வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. களைப்புக்கு ஏற்ற எழுத்தை எடுங்கள். ஆய்தத்தை நான் மிகவும் மோசமான ஒரு நாளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த இரவு அதைத் தைத்தேன்.

இப்படி இடம்மாறித் தைக்க வேண்டுமானால் துணியில் கோடு வேண்டும். பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடாக, நெடுக்கும் குறுக்கும், மீன் தூண்டிலுக்குப் போடும் மெல்லிய நைலோன் நூலான தங்கூசியால் ஓட்டத் தையல் போட்டுவிடுங்கள். தங்கூசியை ஊசி குத்திக் கிழிக்காது. முடிந்ததும் உருவினால் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு போயா நாள் பகல் முழுவதும் எனக்கு இதற்கே போனது. அந்த ஒரு பகல்தான் பிறகு நான்கு மாதம் எண்ணிக்கொண்டிருக்காமல் என்னைக் காப்பாற்றியது. அடிக்கடி எழுந்து போகிறவர்களுக்கு இன்னொன்று: ஒரு வரிசை முழுக்கப் பாதிப் புள்ளடி போட்டுத் திரும்பி வருகிற முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு புள்ளடியையும் முழுதாக முடித்துக்கொண்டே போங்கள். எந்த நொடியில் கூப்பிட்டாலும் விட்ட இடம் தெரியும். மேல்கோடு மட்டும் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் சாய வேண்டும். இல்லாவிட்டால் துணி முழுதும் கலைந்த மாதிரித் தெரியும்.

என் பெரிய பிழையையும் சொல்லிவிடுகிறேன், அது உங்களுக்கு நேர வேண்டாம். வரிசைக்கு ஆறு எழுத்து: உயிர் இரண்டு வரி, மெய் மூன்று வரி, கடைசியில் ஆய்தம். எழுத்துக்கு 12 கட்டம், இடைவெளிக்கு 2 என்று எல்லா வரிக்கும் 14 கட்டம் ஒதுக்கினேன். க், ங், ச் மூன்றின் உடலையும் தைத்துவிட்டு மேலே புள்ளி வைக்கப் போனால், க்-இன் புள்ளி மேல்வரியில் இருந்த எ-யின் காலில் ஒட்டிக்கொண்டது. மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி உண்டு என்பதை இடத்தில் கணக்கெடுக்கவில்லை! மூன்றையும் பிரித்து, இரண்டு கட்டம் இறக்கித் திரும்பத் தைக்க இரண்டு வாரம் போனது. மெய் வரிக்கு 16 கட்டம் விடுங்கள். ஊவும் ஔவும் அகலமானவை. ஆறு ஆறாக எழுதினால் இரண்டும் வரிக் கடைசியில் வருவதால், வலப்பக்கம் ஆறு கட்டம் கூட விட்டால் சரியாகிவிடும். மொத்தம் 90க்கு 90 கட்டம், 14 கவுண்டில் ஏறத்தாழ ஆறரை அங்குலம். சட்டம் போட நாலு பக்கமும் மூன்று அங்குலம் சேர்த்து 13 அங்குலச் சதுரமாகத் துணி வெட்டினேன்.

எழுத்துக்குச் சராசரி 40 என்று வைத்தால் 31 எழுத்துக்கு 1240 புள்ளடி, 41 ஊசி நூல். வாரத்துக்கு ஐந்து ஊசி என்றால் எட்டு வாரம். எனக்கு ஐப்பசியில் தொடங்கி மாசி வரை நான்கு மாதம் ஆனது. தீபாவளி வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பிரித்த இரண்டு வாரம் இருந்தது. கணக்குப் போட்டதைப்போல இரண்டு மடங்கு என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டால் மனம் சோராது.

நம் ஊர் ஈரத்துக்காக இரண்டு எச்சரிக்கை. ஊசியைத் துணியில் குத்தியபடி இரவில் விடாதீர்கள். மார்கழியில் ஒரு வாரம் அப்படி விட்டு, ஓரத்தில் துருப் புள்ளி ஒன்று விழுந்து இன்றும் போகவில்லை. தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் வட்டச் சட்டத்தையும் ஒவ்வொரு நாளும் கழற்றுங்கள்; இறுகியபடியே விட்டால் மடிப்பும் அழுக்கும் வளையமாகப் பதியும். என் டின் அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் இருக்கிறது. நன்றாக மூடியிருப்பதால் புகை ஏறாது, ஈரமில்லாமலும் இருக்கும்.

முடிந்ததும் தங்கூசியை உருவி, குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப் போட்டு அலசி, முறுக்காமல் துவாயில் சுருட்டி அழுத்தி, நிழலில் காயவையுங்கள். அடுப்பங்கரைக் கொடியில் போட வேண்டாம். பிறகு தடித்த துவாயின் மேல் முகம் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் அயன் பண்ணுங்கள். தையல் நசுங்காமல் எழும்பி நிற்கும்.

கீழே இடம் விட்டு வருசத்தையும் தையுங்கள். நாலு இலக்கம், மூன்று நாள் வேலை. நான் அதற்கு மேலே அம்மாவின் பெயரையும் தைத்திருக்கிறேன். முப்பது வருசத்துக்கு மேல் மலையில் கொழுந்து பறித்தவர், சம்பளத்துக்குக் கைநாட்டுத்தான் வைத்தார். சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கண்ணாடி மேல் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக என்ன என்ன என்று கேட்டார். ட் வந்ததும், "இது லேசு, இதை நானும் தைப்பன்" என்றார். இந்த ஞாயிறு எட்டாவது ஊசி ஒன்றைக் கோத்து, மிஞ்சிய ஐடாத் துண்டில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன்.