நாப்கின் விளம்பரத்தை நம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

விளம்பரத்தை முதலில் ஒலியில்லாமல் பாருங்கள். வெள்ளை உடை, துள்ளி ஓடும் பெண், உடையின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்துக்கொள்ளும் ஒரு நொடி. பிறகு ஒலியோடு பார்த்து, எதற்குப் பயப்படச் சொல்கிறது என்று ஒரு வரியில் எழுதுங்கள். 'கறை பட்டால் பிறர் பார்த்துவிடுவார்கள்' என்றுதான் பெரும்பாலும் வரும். இந்தப் பயத்துக்கு வயது அதிகம். மோடெஸ் என்ற அமெரிக்க நாப்கினுக்கு 1920களின் இறுதியில் வந்த விளம்பரத்தில், கடைக்காரரிடம் வாய்திறக்காமல் நீட்ட ஒரு சீட்டே அச்சாகியிருந்தது. வெட்கத்தைப் போக்காமல் அதற்கு வசதி செய்து கொடுத்தார்கள்.

அடுத்து, விளம்பரத்தில் நாப்கின் மேல் ஊற்றிக் காட்டும் அந்த நீலத் திரவம். நிறம் மட்டுமல்ல, தன்மையும் பொய். மாதவிடாய் இரத்தம் கெட்டியானது. சளியும் திசுவும் கலந்தது. நாப்கினுக்குள் ஜெல்லாகும் துகள்கள் வெறும் நீரைத் தம் எடையைப்போல் நூறு மடங்குக்கு மேல் உறிஞ்சும். இரத்தத்தைப்போல் உப்புள்ள நீரில் அது சில பத்து மடங்காகக் குறைந்துவிடும். எனவே குழாய் நீரை ஊற்றிச் சோதித்தால் எல்லா நாப்கினும் தேறிவிடும்.

வீட்டில் சோதிக்க, அரை லிட்டர் நீரில் 5 கிராம் உப்பைக் கரையுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் நாப்கினின் நடுவில் 5 மி.லி. மெதுவாக விடுங்கள், ஒரு நிமிடம் கழித்து இன்னொரு 5 மி.லி. ஐந்து நிமிடம் விட்டு, டிஷ்யூ தாளை வைத்து உள்ளங்கையால் 10 விநாடி அழுத்துங்கள். தாள் ஈரமானால் மேற்பரப்பு உலரவில்லை. நீளவாக்கில் மடித்து ஓரக் கசிவையும் பாருங்கள். இரண்டு நாப்கின்களை ஒப்பிட மட்டுமே இது உதவும். உண்மையான கொள்ளளவைச் சொல்லாது.

உறையிலுள்ள மில்லிமீட்டர் நீளத்தைத்தான் சொல்லும், கொள்ளளவை அல்ல. நறுமணம் சேர்த்ததைத் தவிர்த்துவிடுங்கள்: அரிப்பும் ஒவ்வாமையும் வரலாம். வாடைக்குத் தீர்வு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது.

எங்களுக்கு அதிகக் கோபம் வருவது 'ஹெவி ஃப்ளோ' விளம்பரத்தின் மேல்தான். அதிக இரத்தப்போக்குக்கு இன்னும் பெரிய நாப்கினை மட்டுமே அது காட்டுகிறது. ஒரு சுழற்சியில் 80 மி.லி.க்கு மேல் போனால் மருத்துவத்தில் அது அதிகம். வீட்டில் அளக்க முடியாது. ஆனால் மணிக்கொரு நாப்கின் எனத் தொடர்ந்து சில மணி நேரம் நனைந்தாலோ, ஏழு நாளைத் தாண்டினாலோ, பெரிய இரத்தக் கட்டிகள் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். கருப்பைத் தசைக்கட்டியோ தைராய்டு கோளாறோ காரணமாக இருக்கலாம், இரத்தசோகையும் சேர்ந்திருக்கலாம்.